குலத்தைக் குஞ்சு சொல்லும்: கோழி வளர்ப்போர் கேள்வி - பதில்

பெருவிடை (உருவில் பெரிய நாட்டுக்கோழி), சிறுவிடை (உருவில் சிறியது), கிளிமூக்கு விசிறிவால், கருங்கோழி (கடக்நாத்) என்று எதை வளர்த்தாலும், கொங்குப் பக்கத்து வாசகர்களின் கடிதங்கள் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கின்றன: "இது சுத்தமான இனம்தானுங்களா?" கோழியின் தோற்றம் அது வெளியே காட்டுவதை மட்டும் சொல்லும். உள்ளே சுமந்துகொண்டிருப்பதை அதன் குஞ்சுகளும், நீங்கள் எழுதி வைக்கும் நோட்டும்தான் சொல்லும். இந்த இதழில் அப்படிப்பட்ட கடிதங்களுக்கு மட்டும் பதில்.

சேவலுக்கும் பெட்டைக்கும் மூன்று வரியுள்ள தட்டைப் பூ (கொண்டை) தானுங்க. ஆனா 11 குஞ்சுல 3 குஞ்சு சீப்பு மாதிரி ஒற்றைப் பூவோட வருது. பெருவிடைன்னு சொல்லி வித்தவர் ஏமாத்திட்டாருங்களா?
(வாசகர், காங்கேயம்)

ஏமாற்றியிருக்க வேண்டும் என்றில்லை. அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். தலையில் படிந்து மூன்று வரியாக இருக்கும் பூ ஓங்கு பண்பு. நிமிர்ந்து நிற்கும் ஒற்றைப் பூ ஒடுங்கு பண்பு. ஒரு கோழி அப்பனிடமிருந்து ஒன்றும் ஆத்தாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டு ஜீன்களை வாங்குகிறது. அதில் ஒன்று மூவரியாக இருந்தாலே தலையில் மூவரிப் பூ வந்துவிடும். ஒற்றைப் பூவின் ஜீன் உள்ளே ஒளிந்துகொள்ளும். இப்படி ஒளித்து வைத்திருக்கும் சேவலும் பெட்டையும் சேர்ந்தால் நாலில் ஒரு குஞ்சு ஒற்றைப் பூவோடு வரும். 11-க்கு 3 என்பது அந்தக் கணக்குத்தான். ஆக உங்கள் சேவல், பெட்டை இரண்டுமே ஒற்றைப் பூவைச் சுமக்கின்றன. எப்போதோ ஒரு தலைமுறையில் வேறு கோழி கலந்திருக்கிறது.

இனி செய்ய வேண்டியது சோதனைக் கலப்பு. பட்டிக்குப் புதிதாக ஒரு சேவலைத் தேர்ந்தெடுக்கும்போது, முதலில் அதை ஒற்றைப் பூப் பெட்டையோடு சேர்த்துப் பாருங்கள். இதற்கு மலிவான வழி, நாமக்கல் பக்கத்து முட்டைப் பண்ணைகளில் வயதாகிக் கழித்து விற்கும் வெள்ளைக் கோழி. ஒற்றைப் பூ உள்ள இனம். கூண்டில் சேவலே பார்க்காமல் வளர்ந்ததால் வேறு சேவலின் கலப்பு இருக்குமோ என்ற சந்தேகம் இல்லை. முட்டையும் அடிக்கடி வரும். அது அடை உட்காராது என்பதால் முட்டையை நாட்டு அடைக்கோழிக்கோ இன்குபேட்டருக்கோ வையுங்கள். பொரித்த அன்றே குஞ்சின் தலையை வெளிச்சத்தில் பாருங்கள். அலகின் அடியில் ஒரே கோடா, மூன்று வரியா என்று தெரியும். ஒரே ஒரு குஞ்சு ஒற்றைப் பூவோடு வந்தாலும் சேவல் கலப்பைச் சுமக்கிறது என்று முடிவு செய்துவிடலாம். வரிசையாக 7 குஞ்சும் மூவரிப் பூவாக வந்தால், சேவல் சுமந்தும் நம் கண்ணில் படாமல் போயிருக்கும் வாய்ப்பு 128-ல் 1 தான். அந்தச் சேவலை நம்பலாம்.

பெட்டைகளைச் சோதிக்க வெளியே போக வேண்டியதில்லை. இப்போது வந்திருக்கும் ஒற்றைப் பூக் குஞ்சுகளில் ஒரு சேவலை வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் உரைகல். அதோடு சேர்த்து ஒவ்வொரு பெட்டைக்கும் 7 குஞ்சு எடுத்துப் பாருங்கள். அந்தக் குஞ்சுகள் கறிக்குத்தான் போகப்போகின்றன, அதனால் நெருங்கிய உறவு பற்றிக் கவலை வேண்டாம். சேவலை முதலில் மாற்றுங்கள், பெட்டையைப் பிறகு பார்க்கலாம். ஒரு பெட்டை தன் ஈட்டுக் குஞ்சுகளை (ஒரு அடையில் பொரிக்கும் குஞ்சுகளை) மட்டும்தான் கெடுக்கும். சேவல் மொத்தப் பட்டியையும் கெடுத்துவிடும்.

ஒன்று சொல்ல வேண்டும். சிறுவிடையில் ஒற்றைப் பூ குறையே இல்லை. அது ஊர் ஊராகத் தானே நிலைத்த கோழி. பூவின் வடிவம் பலவிதமாக இருக்கும். பெருவிடைக்குச் சொல்லும் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய்ச் சிறுவிடையைக் கழிக்காதீர்கள்.

பக்கத்துத் தோட்டத்துக் கறிக்கோழிச் சேவல் எங்க பெருவிடைப் பெட்டையை மிதிச்சிருச்சுங்க. "இனி அந்தப் பெட்டை போடற முட்டை எல்லாமே கலப்புத்தான், வித்துப்போடு கண்ணு"ங்கறாங்க எங்க அமுச்சி. நெஜந்தானுங்களா?
(வாசகி, வெள்ளகோவில்)

அமுச்சியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பெட்டை கெட்டுப்போகவில்லை. பெட்டையின் கருக்குழாயில் விந்தைச் சேமித்து வைக்கும் நுண்ணிய குழாய்கள் உண்டு. ஒரு தடவை சேர்ந்தால் 10 முதல் 14 நாள் வரை கருவுள்ள முட்டை வரும். சில பெட்டைகளில் மூன்று வாரம் வரைகூட நீளும். அதற்குப் பிறகு அந்தச் சேவலின் தடயம் உடம்பில் இருக்காது. முதலில் மிதித்த சேவலின் குணம் பிற்பாடு வரும் குஞ்சுகளில் எல்லாம் தொடரும் என்ற நம்பிக்கை குதிரை, மாடு, நாய் வளர்த்தவர்களிடமும் வெகுகாலம் இருந்தது. அது உண்மையில்லை.

கறிக்கோழிச் சேவல் கடைசியாக நெருங்கிய நாளைக் காலண்டரில் குறியுங்கள். அன்றிலிருந்து 21 நாள் வரை போடும் முட்டைகளைச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 14-ம் நாள் வாக்கில் உங்கள் சேவலோடு விடுங்கள். 22-ம் நாளிலிருந்து வரும் முட்டையை அடைக்கு எடுக்கலாம். புதுச் சேவலை விட்டதும் பழைய விந்து ஒதுங்கிவிடும் என்று சிலர் ஒரு வாரத்திலேயே முட்டை எடுக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த சேவலின் விந்துதான் முந்தும் என்பது சரிதான், ஆனால் முழுவதும் முந்தாது. 12 குஞ்சில் இரண்டு கலப்பாக வந்தாலும் எது எது என்று பிரிக்க முடியாது. அந்த ஈடு முழுக்க வீண்.

சந்தையில் வாங்கும் எந்தப் பெட்டைக்கும் இதே 21 நாள் கணக்கு உண்டு. "எங்க சேவலோட ஜோடி போட்ட பெட்டை" என்று சொல்லி விற்றாலும் எண்ணத்தான் வேண்டும்.

கடக்நாத் சேவலை எங்க வெள்ளைக் கால் நாட்டுப் பெட்டையோட விட்டோம். பொட்டைக் குஞ்செல்லாம் கருகருன்னு வருது, சேவல் குஞ்செல்லாம் வெளுப்பா வருது. சேவல் கலப்புங்களா?
(வாசகர், கோபிச்செட்டிபாளையம்)

சேவல் நல்ல சேவலாக இருந்தால்தான் இப்படி வரும். தோல், கறி, எலும்புச் சவ்வு வரை கருப்பேற்றும் ஜீன் ஓங்கு பண்பு. ஒரு பக்கம் வந்தாலே வேலை செய்யும். ஆனால் தோலின் கருமையைத் தடுக்கும் இன்னொரு ஜீன் இருக்கிறது. அது பாலினத்தோடு சேர்ந்து போவது. உங்கள் வெள்ளைக் கால் பெட்டையிடம் அந்தத் தடுப்பு ஜீன் இருக்கிறது. கோழிகளில் ஆத்தா தன் பால் குரோமோசோமில் இருப்பதை ஆண் குஞ்சுக்கு மட்டுமே தரும். பெண் குஞ்சுக்கு அது அப்பனிடமிருந்து மட்டும்தான் வரும். அதனால் பெண் குஞ்சு தடுப்பில்லாமல் கருக்கிறது, ஆண் குஞ்சு தடுப்பு வாங்கி வெளுக்கிறது. மாற்றிப் போட்டு, கடக்நாத் பெட்டைக்கு வெள்ளைக் கால் சேவலை விட்டால் ஆண், பெண் இரண்டுமே வெளுக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தக் கருத்த பொட்டைக் குஞ்சுகளை. பார்வைக்குக் கடக்நாத் போலவே இருக்கும்; சந்தையில் அப்படியே விலையும் போகும். ஆனால் அது பாதி நாட்டுக்கோழி. கருப்பு ஒன்றை மட்டும் வைத்துக் கடக்நாத் என்று சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

வாங்கும்போது பாருங்கள்: அலகைத் திறந்தால் நாக்கும் மேலண்ணமும் கருத்திருக்க வேண்டும், திட்டுத் திட்டாக ரோஸ் நிறம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஒற்றைப் பூ, அதன் நிறம் கருஞ்சிவப்பிலிருந்து ஊதா கலந்த கருப்பு வரை இருக்கலாம், பளிச்சென்ற சிவப்பு கூடாது. கால் விரல் நான்கு. ஐந்து விரல் இருந்தாலோ, காலில் இறகு இருந்தாலோ சில்க்கி போன்ற வேறு இனத்துக் கோழி ரத்தம் கலந்திருக்கலாம். ஒரு நாள் குஞ்சு நீலங்கலந்த கருப்பில், முதுகில் ஒழுங்கற்ற கோடுகளோடு இருக்கும். வளர்ந்த சேவல் 2 கிலோவை ஒட்டித்தான் நிற்கும்; 3 கிலோ கடக்நாத் என்று விளம்பரம் பார்த்தால் வேறு பெரிய இனத்தைக் கலந்திருக்கிறார்கள் என்று பொருள். முட்டை கருப்பாக இருக்காது, இளம்பழுப்புத்தான். கருப்பு முட்டை என்று சொல்லி விற்பது வெறும் பொய். மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கடக்நாத்துக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் குறியீடு அந்த மண்ணின் கோழிக்குத்தான். இங்கே பொரித்து விற்கும் குஞ்சுக்கு அது சான்றாகாது.

பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல். ஆறு வருசமா வெளியிலிருந்து எதையும் சேர்க்கலைங்க, சுத்தம் கெட்டுடக் கூடாதுன்னு. இப்ப 12 முட்டை வெச்சா 5, 6 தான் பொரியுது. சில குஞ்சுக்கு விரல் மடங்கி இருக்குது. இனம் தேஞ்சு போச்சுங்களா?
(வாசகர், தாராபுரம்)

தேய்ந்திருக்கலாம். ஆனால் அப்படி முடிவு கட்டுமுன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் முட்டை. பங்குனி, சித்திரை வெயிலில் தாராபுரம் பக்கத்து ஓட்டு வீட்டுக்குள் முட்டையை ஒரு வாரம் சேர்த்து வைத்தால், அடைக்குப் போகும் முன்பே கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் செத்துவிடும். குளிர்ந்த இடத்தில், மணல் மேல் பரப்பிய மண்சட்டியில், கூர்முனை கீழே இருக்கும்படி, 7 நாளுக்கு மேல் போகாமல் வையுங்கள். 7-ம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கரு கூடவில்லை அல்லது தொடக்கத்திலேயே செத்திருக்கிறது. நரம்பு ஓடி நின்றிருந்தால் இடையில் செத்தது. முழுக் குஞ்சாகி ஓட்டுக்குள் செத்தால் ஈரப்பதமோ, தீனியோ, நெருங்கிய ரத்த உறவோ காரணமாக இருக்கலாம்.

அடுத்து சேவலின் வயது. ஆறு வருடமும் ஒரே சேவல் என்றால் கரு கூடாததற்கு அதுவே போதும்.

மூன்றாவது அந்த விரல். பொரித்து 10, 14 நாள் ஆன பிறகு விரல் உள்ளே சுருண்டு, கணுக்காலில் உட்கார்ந்து நகர்ந்தால் அது ரிபோஃபிளேவின் எனும் பி2 சத்துக் குறை. வெறும் சோளமும் கம்பும் தின்னும் பட்டிகளில் வரும். குடிதண்ணீரில் பி-காம்ப்ளெக்ஸ் கலந்து கொடுத்தால் தொடக்க நிலையில் உள்ளவை எழுந்துவிடும். மருந்துக்கு அசையாமல் விரல் பக்கவாட்டில் கோணியே நின்றால், ஈட்டுக்கு ஈடு அதே பெட்டையின் குஞ்சில் வந்தால், பரம்பரைக் குறை.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் பொரிப்புக் குறைகிறது என்றால் உள்ளினக் கலப்புத்தான், அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்வது. கணக்கைப் பாருங்கள். அண்ணன் தங்கை சேர்ந்தால், ஒரே முன்னோரிடமிருந்து வந்த ஒரே ஜீன் குஞ்சில் இரட்டையாகச் சேரும் வாய்ப்பு 25 சதவீதம். அப்பன் மகள் சேர்ந்தாலும் 25. அப்பன் ஒன்றாகவும் ஆத்தா வேறாகவும் இருக்கும் உடன்பிறப்புகளில் 12.5. தாத்தனும் பேத்தியும் சேர்ந்தாலும் 12.5. ஒளிந்திருக்கும் குறைகள் இரட்டையாகும்போதுதான் வெளியே வருகின்றன. முதலில் அடிபடுவது பொரிப்புத் திறனும் குஞ்சுகளின் உயிர்ப்பும்தான். இறகும் பூவும் அழகாகவே இருக்கும். அதனால்தான் பலரும் கடைசிவரை கவனிப்பதில்லை.

பெட்டை 10 இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். உறவின் அகலத்தைத் தீர்மானிப்பது சேவல் எண்ணிக்கை. 1 சேவலும் 10 பெட்டையும் உள்ள மூடிய பட்டியில் உள்ளினக் கலப்பு தலைமுறைக்கு ஏறத்தாழ 14 சதவீதம் ஏறுகிறது. 3 சேவல் 15 பெட்டை என்றால் 5 சதவீதம். 5 சேவல் 20 பெட்டை என்றால் 3-ஐ ஒட்டி. தீனிச் செலவு பார்த்துச் சேவலைக் குறைத்து, அழகான ஒன்றை மட்டும் நிறுத்தி வைப்பதுதான் நம் பக்கத்தில் நடக்கும் பெரிய தவறு.

மூன்று பட்டி முறைக்கு மாறுங்கள். அ, ஆ, இ என்று மூன்று அடைப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு சேவல், ஐந்து பெட்டை. பிறக்கும் பெட்டைக்குஞ்சு ஆத்தாவின் அடைப்பிலேயே தங்கும். சேவல் குஞ்சில் தேறியது அடுத்த அடைப்புக்குப் போகும்: அ-வின் மகன் ஆ-வுக்கு, ஆ-வின் மகன் இ-க்கு, இ-யின் மகன் அ-வுக்கு. திசை ஒருபோதும் மாறக் கூடாது. கூடப் பிறந்தவை சேரவே சேராது. மூன்று சேவலையும் தொடக்கத்தில் மூன்று வேறு ஊர்களிலிருந்து வாங்குங்கள். அதே இனத்தின் வேறு வழியிலிருந்து ரத்தம் சேர்ப்பது கலப்பாகாது. நம் வீடுகளில் ஒரே கூட்டத்துக்குள் (குலத்துக்குள்) பெண் எடுப்பதில்லை. கோழிக்கும் அதே கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

பெருவிடைக் குஞ்சு விக்கறவரு வாட்ஸ்அப்புல அப்பன், ஆத்தா போட்டோ அனுப்பறாருங்க. டிஎன்ஏ சர்டிபிகேட்டும் இருக்குதுங்கறாரு. நம்பலாமுங்களா?
(வாசகர், பொள்ளாச்சி)

முதலில் அந்தச் சான்றிதழைப் படியுங்கள். பறவைகளுக்குச் சாதாரணமாகக் கிடைப்பது ஆணா பெண்ணா என்று சொல்லும் சோதனைதான். அதில் இனத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அப்பன் ஆத்தாவை உறுதிப்படுத்தச் சோதனை உண்டு. அதற்கு அப்பன், ஆத்தா, குஞ்சு மூன்றின் மாதிரியும் வேண்டும். மைட்டோகாண்ட்ரியா வழிச் சோதனை ஆத்தா, ஆத்தாவின் ஆத்தா என்று பெண் வழியை மட்டுமே காட்டும். சேவல் பக்கம் என்ன கலந்திருந்தாலும் அதில் தெரியாது.

போட்டோவால் "இவைதான் பெற்றோர்" என்று நிரூபிக்க முடியாது. "இவை பெற்றோராக இருக்க முடியாது" என்று சில வேளை நிரூபித்துவிடலாம். ஒற்றைப் பூச் சேவலுக்கும் ஒற்றைப் பூப் பெட்டைக்கும் மூவரிப் பூக் குஞ்சு வராது. மஞ்சள் கால் ஒடுங்கு பண்பு. இரண்டு பக்கமும் மஞ்சள் என்றால் வெள்ளைக் கால் குஞ்சு வரக் கூடாது. ஆனால் முட்டைப் பருவத்தில் பெட்டையின் காலிலிருந்து மஞ்சள் இறங்கி வெளுக்கும். தீனியில் பச்சையும் மஞ்சள் மக்காச்சோளமும் இல்லாவிட்டாலும் வெளுக்கும். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். கழுத்தில் இறகில்லாத குஞ்சுக்குப் பெற்றோரில் ஒன்றாவது அப்படி இருக்க வேண்டும். தலையில் இறகுக் குடுமி உள்ள கிராப்புக் கோழிக்கும் அப்படியே.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை கோட்டிறகு. ஒவ்வொரு இறகிலும் குறுக்கே வெள்ளையும் கருப்புமாகப் பட்டை ஓடும் கோழிகள் உண்டு. அந்த ஜீன் பால் குரோமோசோமில் இருப்பது. பெட்டை அதை மகனுக்குத்தான் தர முடியும். ஆகவே கோட்டிறகுள்ள ஒரு பொட்டைக் குஞ்சுக்கு அப்பனும் கோட்டிறகாகத்தான் இருந்தாக வேண்டும். வெள்ளைச் சேவலின் நிறம் இந்தக் கோட்டை மறைத்துவிடும் என்பதால் அங்கே மட்டும் இந்த விதி எடுபடாது. போட்டோவில் இருப்பது காகச் (கருநிற) சேவல், கையில் இருப்பது கோட்டிறகு வெடைக்கோழி (இளம் பெட்டை) என்றால் பணத்தை எடுக்காதீர்கள்.

நேரில் போங்கள். குஞ்சின் கூடப் பிறந்தவை அனைத்தையும் காட்டச் சொல்லுங்கள், கழித்து ஒதுக்கியதையும் சேர்த்து. நல்லதில் நாலைப் பார்ப்பதைவிடக் கழிவில் ஒன்றைப் பார்ப்பது அதிகம் சொல்லும். பூவும் தாடியும் அறுத்த சேவல் என்றால் அந்த இடம் மழுங்கித் தழும்பாக, கெட்டியாக இருக்கும். அப்படியானால் பூ என்ன வடிவம் என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. அதன் மகன்களைப் பார்க்காமல் வாங்காதீர்கள். காது மடல் சிவப்பா என்று பாருங்கள். வெள்ளை மடல் பெருவிடையில் இருந்தால் பெரும்பாலும் முட்டைக்கோழிக் கலப்பு. நெஞ்செலும்பைத் தடவுங்கள்: பெருவிடைக்கு இறகு இறுகி, நெஞ்சு முனையில் தோல் வெளியே தெரியும். கறிக்கோழி கலந்ததில் இறகு பொதபொதவென்று தளர்ந்திருக்கும், நெஞ்சுச் சதை இருபுறமும் பருத்திருக்கும்.

நிறத்தைக் கடைசியில் பாருங்கள். காகம், வல்லூறு, கீரி, மயில் எல்லாம் நிறத்தின் பெயர்கள், குலத்தின் பெயர்கள் இல்லை. இரண்டு கருப்புக் கோழிக்கு வெள்ளைக் குஞ்சு பிறந்தால் அது கலப்புக்குச் சான்றில்லை. ஒடுங்கி வரும் வெள்ளை என்று ஒன்று உண்டு.

கிளிமூக்கு விசிறிவால் குஞ்சை எந்த வயசுல தரம் பிரிக்கலாமுங்க?
(வாசகர், சங்ககிரி)

மூக்கை இரண்டு மாதத்தில், உடம்பை எட்டு மாதத்தில், வாலை ஒன்றரை வயதில். வால் முழு நீளத்துக்கு வருவது முதல் பெரிய இறகு உதிர்ப்புக்குப் பிறகுதான். ஆறு மாதச் சேவலின் வாலைப் பார்த்து விலை கொடுப்பதும், வால் வரவில்லை என்று கழிப்பதும் இரண்டுமே அவசரம். இறகு முளைக்கும் காலத்தில் புரதம் குறைந்தால் நல்ல குலத்துக்கும் வால் குட்டையாகும். குறுகிய கூண்டில் அடைத்தால் நுனி ஒடியும். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், பின்னால் சுவர் உரசாதபடி ஒரு கம்பு கட்டிக் கொடுங்கள்.

மூக்கு குட்டையாக வேண்டும் என்று குட்டை மூக்குச் சேவலுக்குக் குட்டை மூக்குப் பெட்டையையே தலைமுறை தலைமுறையாகச் சேர்க்கிறார்கள். மேலலகு வளைந்து கீழலகைத் தாண்டினால் குஞ்சு தரையில் தானியம் பொறுக்க முடியாமல் மெலியும். மேலும் கீழும் கோணி நிற்கும் அலகு வந்த குஞ்சை விருத்திக்கு வைக்கவே வைக்காதீர்கள். அடுத்தடுத்த ஈட்டிலும் வந்தால் அந்த ஜோடியைப் பிரியுங்கள். தட்டிலிருந்து தானாகத் தின்று வளர முடியாத கோழி எவ்வளவு அழகாக இருந்தாலும் குலம் வளர்க்கத் தகுதியில்லாதது. இதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம்.

பெருவிடைச் சேவலை நாட்டுப் பெட்டைக்கு விட்டு, வர்ற பெட்டைக்கு மறுபடி பெருவிடை விட்டுட்டே போனா எத்தனையாவது தலைமுறையில சுத்தமாகுமுங்க?
(வாசகர், நம்பியூர்)

கணக்குப்படி 50, 75, 87.5, 93.75 என்று ஏறும். ஐந்தாவதில் 97-ஐத் தொடும். ஒவ்வொரு முறையும் உறவில்லாத வேறு பெருவிடைச் சேவலை விட வேண்டும், இல்லாவிட்டால் மேலே தாராபுரம் வாசகருக்குச் சொன்ன சிக்கல் வரும். ஆனால் இந்தச் சதவீதம் சராசரிதான். 93.75 உள்ள பெட்டையும் ஒற்றைப் பூ ஜீனை முழுசாகச் சுமந்துகொண்டிருக்கலாம், அதன் தங்கை சுமக்காமல் இருக்கலாம். ஒவ்வொரு தலைமுறையிலும் உங்களுக்கு வேண்டிய பூ, கால், இறகு, எடை பார்த்துக் கழித்தால்தான் ஏட்டுக் கணக்கு பட்டியில் நடக்கும். விற்கும்போது "நாலாம் தலைமுறை ஏற்றம்" என்று உள்ளபடி சொல்லி விற்றுவிடுங்கள்.

வண்டியில கூவிக் கூவி விக்கற கலர் குஞ்சை நாட்டுக்கோழின்னு வாங்கினோம். நல்லா வளருது. இதையே விருத்தி பண்ணலாமுங்களா?
(வாசகி, பல்லடம்)

கறிக்கும் முட்டைக்கும் வளர்க்கலாம், விருத்திக்கு வேண்டாம். இப்படி வருபவை பெரும்பாலும் வனராஜா, கிராமப்ரியா, கிரிராஜா போன்ற புறக்கடைக் கலப்பினங்கள், அல்லது முட்டைப் பண்ணைகளில் ஒதுக்கும் ஆண் குஞ்சுகள். வனராஜாவும் கிராமப்ரியாவும் ஐதராபாத் கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை. நல்ல கோழிகள்தான். வெவ்வேறு வழிகளைச் சேர்த்து உண்டாக்கியவை என்பதால் அவற்றின் குஞ்சுகள் ஆளுக்கொரு எடை, ஆளுக்கொரு நிறமாகச் சிதறும். அடை உட்காரும் குணமும் குறைவு. உங்கள் சிறுவிடைப் பட்டிக்குள் இந்தச் சேவலை விட்டால், நாலைந்து வருடத்தில் தானே அடை உட்கார்ந்து பொரிக்கும் பெட்டை அரிதாகிவிடும். வேலிக்குள் தனியாக வையுங்கள்.

சண்டைக்கு விட்டுப் பாத்தாத்தான் ரத்தம் தெரியும்ங்கறாங்க. வேற வழி இருக்குதுங்களா?
(வாசகர், அரவக்குறிச்சி)

விலங்குகளையும் பறவைகளையும் மூட்டி விடுவது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அது ஒருபுறம் இருக்க, சோதனையாகவும் அது மோசமான சோதனை. ஒரு சேவல் நிற்பதும் ஓடுவதும் அதன் வயது, எடை, தனியாக வளர்ந்ததா கூட்டத்தில் வளர்ந்ததா என்பதையெல்லாம் பொறுத்தது. கலப்புச் சேவலும் நிற்கும். நல்ல குலத்துச் சேவல் கண்ணிழந்து கிடக்கும். அதன் விருத்தியும் அன்றோடு போகும். வழி மேலே சொன்னதுதான், குஞ்செடுத்துப் பார்ப்பது.

எந்தக் குஞ்சு எந்தப் பெட்டையோடதுன்னு எப்படிங்க அடையாளம் வெக்கறது?
(வாசகர், அந்தியூர்)

முட்டையில் தொடங்குங்கள். எடுத்த உடனே பென்சிலால் அகன்ற முனையில் சேவல் எண், பெட்டை எண், தேதி எழுதுங்கள்: சே2-பெ7-14/2 என்பது போல. மார்க்கர் பேனா வேண்டாம், மை ஓட்டின் நுண்துளை வழியே உள்ளே இறங்கும். எந்தப் பெட்டை போட்டது என்று தெரிய, முட்டைப் பருவத்தில் அவற்றைக் காலையில் தனித்தனிப் பஞ்சாரத்தில் கவிழ்த்து, முட்டையிட்டதும் திறந்துவிட்டால் போதும்.

அடைக்கோழியில் வைப்பதானால் ஒரு அடைக்கு ஒரே பெட்டையின் முட்டை. இன்குபேட்டர் என்றால் 18-ம் நாள் ஒவ்வொரு பெட்டையின் முட்டையையும் தனித்தனிக் கொசுவலைப் பைக்குள் தளர்வாகப் போட்டு வாயைக் கட்டுங்கள். 21-ம் நாள் பைக்குள்ளேயே பொரிந்து கிடக்கும். ஈரம் காய்ந்ததும், பையை விட்டு எடுக்கும் அந்த நேரத்திலேயே அடையாளம் போட வேண்டும். கலந்த பிறகு யோசித்துப் பலனில்லை.

மலிவான அடையாளம் விரல் சவ்வுத் துளை. முன்விரல்களுக்கு இடையே காலுக்கு இரண்டு சவ்வு, மொத்தம் நான்கு. துளை இருப்பது, இல்லாதது என்று வைத்தால் 16 விதம் வரும். 16 பெட்டையின் குஞ்சுகளைப் பிரிக்கலாம். முதல் நாளிலேயே, ஸ்பிரிட்டில் துடைத்த சிறு பஞ்ச் கொண்டு, சவ்வின் நடுவில் ஒரே அழுத்து. வெட்டிய துண்டு முழுசாக வெளியே வந்ததா என்று பாருங்கள். ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு வாரத்தில் துளை மூடிவிடும். நான்கு மாதத்தில் காலுக்கு எண் வளையம் மாற்றுங்கள். பிளாஸ்டிக் கட்டு போடுபவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை தளர்த்தாவிட்டால் கால் வீங்கிப் புண்ணாகும்.

நோட்டில் ஒரு கோழிக்கு ஒரு பக்கம். அப்பன், ஆத்தா, பொரித்த தேதி, 2, 4, 8 மாத எடை, பூ, கால் நிறம், எத்தனை முட்டைக்கு எத்தனை குஞ்சு. கழித்த குஞ்சையும், ஏன் கழித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பலரும் விட்டுவிடும் பத்தி அது. இரண்டு வருடம் கழித்து எந்தச் சேவல் எதைச் சுமக்கிறது என்பதை அந்தப் பத்திதான் காட்டும்.

ஒன்பது மாசச் சேவலுக்குக் கண்ணு இன்னும் முத்து மாதிரி வெளுக்கலைங்க. கலப்புங்களா?
(வாசகர், எடப்பாடி)

ஒரு வயது தாண்டட்டும். குஞ்சில் மங்கலாக, பழுப்பாக இருக்கும் கண் வயது ஏற ஏறத்தான் வெளுக்கும். அப்பன், ஆத்தா இரண்டின் கண்ணும் எப்போது வெளுத்தது என்று வளர்த்தவரிடம் கேளுங்கள். ஆனால் ஒரு கண் மட்டும் திடீரென்று சாம்பல் பூத்து, பாப்பாவின் ஓரம் வட்டமாக இல்லாமல் பிசிறிக் கிடந்தால் அது முத்துக் கண் இல்லை, மேரக்ஸ் எனும் கோழி வைரஸ் நோயாக இருக்கலாம். அந்தச் சேவலை அன்றே தனியே பிரித்துக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.